கந்தகம் தின்று அமிலம் காய்ச்சுபவை

அழுகிய முட்டை வாடைதான் முதலில் வரும். ஆவி கண்ணில் படுவது அதற்குப் பிறகு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நாரிஸ் என்றொரு பகுதி இருக்கிறது. மரங்கள் இல்லாத, வெளுத்துப்போன தரை. ஆங்காங்கே தரை பிளந்து 'உஸ்' என்று சீறும். மரப்பலகை பதித்த நடைபாதையை விட்டுக் கால் இறங்கக் கூடாது என்று அடிக்கு ஒரு பலகை எச்சரிக்கும். பாதையின் இரு பக்கமும் குட்டைகள். சிலவற்றில் தண்ணீர் அரிசி கழுவிய கழனித்தண்ணீர் போலக் கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கல் பெரும்பாலும் பொடிப்பொடியான கந்தகம்.

அந்தத் தண்ணீரின் சூடு 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது இது கொதிக்கு ஒரு படி கீழே. புளிப்போ எலுமிச்சைச் சாற்றுக்குச் சமம். ஆனால் எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம், இங்கே இருப்பது கந்தக அமிலம். 2016 ஜூன் மாதம் ஓர் இளைஞர் நடைபாதையை விட்டு விலகிப்போய் இந்தப் பகுதியில் ஓர் ஊற்றில் தவறி விழுந்தார். மறுநாள் மீட்புக் குழு போனபோது எடுத்துவர உடல் மிஞ்சியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட குட்டையில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒழுங்கில்லாத உருண்டைகளாக, இலட்சக்கணக்கில் உயிர்கள் தெரிகின்றன.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு வீரக்கதை சொல்வார்கள். நரகத்திலும் தாக்குப்பிடிக்கும் அதிசய உயிர், எத்தனை துன்பம் வந்தாலும் சளைக்காதது, இத்யாதி. எனக்கு இந்தத் தியாகிப் பட்டம் எப்போதுமே உறுத்தும். காரணம் எளிது. இந்தக் குட்டையில் உள்ள அமிலத்தைக் காய்ச்சியதில் பெரும்பங்கு இந்த உருண்டைகளுடையது. தன் வீட்டைத் தானே இப்படிக் கட்டிக்கொண்ட ஒருவரைப் பார்த்துப் பரிதாபப்படுவது சரியாகத் தோன்றவில்லை.

தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் 1964-ல் யெல்லோஸ்டோனுக்கு முதன்முதலில் போனார். போகிற வழியில் எட்டிப்பார்த்த பயணம்தான். வெந்நீர் ஓடைகளில் வண்ண வண்ணமாகப் படிந்திருந்த பாசியைப் பார்த்ததும் அவருக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு முதல் திரும்பத் திரும்பப் போனார். 73 டிகிரியைத் தாண்டினால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், அதற்குமேல் பெரிதாக எதுவும் வாழாது என்றுதான் அன்றைக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிராக் செய்த சோதனையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யலாம். நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடிச் சில்லை நூலில் கட்டி ஊற்றுக்குள் தொங்கவிட்டார். சில நாள் கழித்துத் தூக்கினார். சில்லில் உயிர்கள் படிந்து வளர்ந்திருந்தன, கொதிநிலையை எட்டிய ஊற்றுகளிலும்கூட.

1966-ல் அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் மஷ்ரூம் ஸ்ப்ரிங் என்ற ஊற்றிலிருந்து பிரித்தெடுத்த 'தெர்மஸ் அக்வாடிகஸ்' என்னும் பாக்டீரியாவின் கதை பலருக்கும் தெரியும். அதன் நொதிதான் பிசிஆர் சோதனையின் உயிர்நாடி. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளில் பல போய்ச் சேர்ந்தது அந்தச் சோதனைக்குத்தான். ஆனால் தெர்மஸ் வாழ்வது புளிப்பில்லாத தண்ணீரில். யெல்லோஸ்டோனின் ஊற்றுகளில் பல அப்படிப்பட்டவையே. ஆழத்திலிருந்து தண்ணீர் தாராளமாக மேலே வரும் இடங்களில் அமிலம் சேர்வதில்லை. தண்ணீர் குறைந்து, நீராவியும் வாயுவும் மட்டும் பாறை இடுக்கு வழியாக ஏறிவரும் இடங்களில்தான் கதை மாறுகிறது. அந்த ஆவியோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. முட்டை வாடை அதனுடையது. அது மேலே வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டதும் மஞ்சள் கந்தகமாகப் படிகிறது.

இதுவரை வேதியியல். இதற்குமேல் உயிரின் வேலை.

வெறும் கந்தகப் பொடியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் அது அமிலமாக மாற வெகுகாலம் பிடிக்கும். ஆனால் நாரிஸ் குட்டைகளில் அந்த மாற்றம் மளமளவென்று நடக்கிறது. பிராக்கும் அவருடைய குழுவினரும் அதைச் செய்கிற உயிரைப் பிடித்து 1972-ல் பெயர் வைத்தார்கள்: சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ். கந்தகத்தைக் குறிக்கும் சொல்லோடு மடலைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்த பெயர். சரியான உருண்டையாக இல்லாமல் நசுங்கிய மாவு உருண்டை போல மடல் மடலாக இருந்ததால். அசிடோகால்டேரியஸ் என்ற இரண்டாம் பகுதி புளிப்பையும் சூட்டையும் சொல்கிறது. ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, கந்தகப் படிகங்களின் மேல் இவை ஈ மொய்ப்பது போல ஒட்டியிருப்பது தெரிந்தது. கந்தகம், ஆக்சிஜன், தண்ணீர் மூன்றையும் சேர்த்துக் கந்தக அமிலமாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழ்கின்றன. வெந்நீர் வயல்களின் கந்தக அமிலம் நுண்ணுயிர்களால் உண்டாவது என்பதை அடுத்த ஆண்டே அந்தக் குழு தனிக் கட்டுரையாக எழுதியது.

அமிலம் குட்டையோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள எரிமலைப் பாறையை அரிக்கிறது. பாறை கரைந்து வெள்ளைக் களிமண்ணாகிறது. களிமண் சேறாகி, கீழிருந்து வாயு ஏறும்போது 'குளுக் குளுக்' என்று கொப்பளிக்கிறது. கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது பார்த்திருப்போமே, அதே போல. சுற்றுலாப் பயணிகள் நின்று படம் பிடிக்கும் சேற்றுக் குழிகளுக்குப் பின்னால் இந்த உருண்டைகளின் கைவண்ணம் இருக்கிறது. அதே பூங்காவில் சல்ஃபர் கால்ட்ரன், அதாவது கந்தகக் கொப்பரை, என்ற பெயரில் ஒரு குழி உண்டு. அதன் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 1-க்கும் 2-க்கும் இடைப்பட்டது.

இங்கே ஒரு சோதனையை நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குட்டையில் இத்தனை உயிர்கள் இருக்கின்றன, சரி. அவை அங்கே வளர்கின்றனவா, அல்லது எங்கிருந்தோ வந்து விழுந்து செத்தும் சாகாமலும் மிதக்கின்றனவா? பிராக்கின் குழு இதற்கு எடுத்த கருவி உப்பு. சாதாரண உப்பு. குட்டையில் உப்பைக் கொட்டிக் கலக்கினார்கள். அடியிலிருந்து புதுத் தண்ணீர் ஊற, பழைய தண்ணீர் வெளியேற, உப்புக் கரிப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று அளந்தால் குட்டை எவ்வளவு நேரத்தில் தன் தண்ணீரை மாற்றிக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். வெறுமனே மிதக்கிற உயிர்களாக இருந்தால் அவையும் உப்போடு சேர்ந்து அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். உப்பு குறைந்தது, உயிர்களின் எண்ணிக்கை அப்படியே நின்றது. போனவற்றுக்கு ஈடாக அங்கேயே பிறந்துகொண்டிருக்கின்றன என்றுதானே பொருள்? ஆய்வகம் இல்லாமல், ஒரு மூட்டை உப்பை வைத்து, ஊற்றங்கரையில் நின்றபடியே ஓர் உயிரினத்தின் பிறப்பு விகிதத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள்.

சரி, இவற்றின் உடம்பு வேகாமல், கரையாமல் எப்படி இருக்கிறது?

உள்ளேயும் அமிலமாக இருக்கும், அதற்கேற்ற உறுப்புகள் இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. சல்ஃபோலோபஸின் உட்புறம் பிஎச் 6.5 அளவில், ஏறக்குறைய நல்ல தண்ணீர் போல இருக்கிறது. வெளியே 2.5 என்று வைத்துக்கொண்டால் நான்கு அலகு வேறுபாடு. பிஎச் கணக்கில் ஓர் அலகு என்பது பத்து மடங்கு. ஆக, வெளியே உள்ள, புளிப்புக்குக் காரணமான புரோட்டான்களின் அடர்த்தி உள்ளே இருப்பதைவிட 10,000 மடங்கு. இடையில் நிற்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வு.

அந்தச் சவ்வில்தான் சூட்சுமம். நம் உடம்பின் செல்களில் சவ்வு என்பது இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள். தலைகள் வெளிப்புறம் பார்க்க, வால்கள் உள்ளே ஒன்றையொன்று தொட்டு நிற்கும். சூடு ஏறினால் இரண்டு வரிசையும் தளர்ந்து பிரிந்துவிடும். சல்ஃபோலோபஸில் இந்தப் பக்கத் தலைக்கும் அந்தப் பக்கத் தலைக்கும் நடுவே வால்கள் அறுபடாமல் ஓடுகின்றன. இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர் நீள ஊசியை மேல்துணியில் குத்தி அடித்துணி வரை இழுத்து முடிச்சுப் போடுவார் அல்லவா, அதுபோல மேலும் கீழும் சேர்த்துத் தைத்த சவ்வு. பிரிவதற்கு இரண்டு அடுக்கே கிடையாது.

வாலைத் தலையோடு சேர்க்கும் பிணைப்பும் வேறு. நமக்கு இருப்பது எஸ்டர் பிணைப்பு. எண்ணெயில் காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது அறுபடுவது இந்தப் பிணைப்புதான். சூடான அமிலமும் இதை அறுத்துவிடும். சல்ஃபோலோபஸ் ஈதர் பிணைப்பைப் பயன்படுத்துகிறது. அதை அறுப்பது எளிதல்ல. போதாததற்கு, சூடு கூடக்கூட வால்களில் ஐந்து கார்பன் கொண்ட வளையங்களை அதிகமாகப் போட்டு மூலக்கூறுகளை நெருக்கி அடுக்கிக்கொள்கிறது. கால்டிட்டால் என்ற ஒரு தலைப்பகுதியும் இதன் சவ்வில் உண்டு. அதைச் செய்யும் மரபணுவை நீக்கிவிட்டால் கடும் புளிப்பில் இந்த உயிர் திணறுகிறது என்று 2018-ல் காட்டினார்கள்.

சவ்வு எவ்வளவு இறுக்கமானாலும் புரோட்டான் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிந்ததை வெளியேற்றப் பம்புகள் ஓயாமல் ஓடுகின்றன. இன்னொரு தந்திரம், செல்லுக்குள் நேர்மின்னூட்டத்தைச் சற்று மிகுதியாக வைத்துக்கொள்வது; புரோட்டானும் நேர்மின்னூட்டம் உள்ளது என்பதால் வாசலிலேயே தள்ளி நிறுத்தப்படுகிறது. அதே சமயம், வெளியே முண்டியடிக்கும் இந்தப் புரோட்டான் கூட்டம் ஒரு சொத்தும்கூட. அணையில் தேங்கிய தண்ணீரை மதகு வழியாக விட்டு மின்சாரம் எடுப்பதைப் போல, குறிப்பிட்ட வாசல் வழியாக மட்டும் புரோட்டானை உள்ளே விட்டு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்துகொள்கிறது. உள்ளே விட்டதை மறுபடி வெளியே இறைக்க வேண்டும். அதற்கான செலவைக் கந்தகம் கொடுக்கிறது. இறைப்பு நின்றால் வீடு புளித்துவிடும்.

சூட்டுக்கு வேறு ஏற்பாடு. முட்டை வெள்ளைக்கரு இறுகுவது அதன் புரதங்கள் சூட்டில் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால். சல்ஃபோலோபஸின் புரதங்கள் நெருக்கமாக மடிந்தவை, அப்படி எளிதில் அவிழா. அவிழ்ந்தவற்றைத் திரும்ப மடித்துக் கொடுக்கத் தனிப் புரதங்களும் உண்டு. டிஎன்ஏ-வும் இரட்டைச் சங்கிலிதானே, சூட்டில் பிரிந்துவிடாதா? 1984-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சல்ஃபோலோபஸில் ஒரு விந்தையான நொதியைக் கண்டார்கள். நம் செல்களில் டிஎன்ஏ இழை சற்றே முறுக்குத் தளர்ந்திருக்கும். இந்த நொதி அதற்கு மேலும் முறுக்கேற்றுகிறது. முறுக்கேறிய கயிற்றின் இழைகளைப் பிரிப்பது கடினம் என்பது கயிறு திரித்தவர்களுக்குத் தெரியும். கொதிநீருக்கு அருகில் வாழும் உயிர்கள் எல்லாவற்றிலும் பிறகு இந்த நொதியைத் தேடினார்கள். தவறாமல் கிடைத்துக்கொண்டே வந்தது.

இடையில் ஒரு வேடிக்கை. நாரிஸுக்கு வெளியே, ஆய்வகங்களில் பல்லாண்டு வளர்க்கப்பட்ட சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸின் மூல வகை, சத்தான குழம்பு கிடைக்கும் இடத்தில் கந்தகம் தின்னும் வழக்கத்தையே விட்டுவிட்டது. விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகியவர் வீட்டுக் களியைத் தொடாதது போல.

இவற்றைவிடப் புளிப்புப் பிரியர்களும் உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கந்தகம் புகையும் மண்ணிலிருந்து எடுத்து 1995-ல் விவரிக்கப்பட்ட பிக்ரோஃபிலஸ், 60 டிகிரிச் சூட்டில், பிஎச் 0.7-ல் மிகச் செழிப்பாக வளர்கிறது. சுழி வரைக்கும் இறங்கும். இதன் உட்புறமே 4.6. இதை நல்ல தண்ணீரில் விட்டால் காப்பாற்றியதாக ஆகாது. பிஎச் 4-க்கு மேல் போனால் அதன் சவ்வு பொத்தலாகி உயிர் போய்விடும். நமக்குத் தீயாகத் தோன்றுவது அதற்கு மூச்சு, குழாய்த் தண்ணீர் அதற்கு விஷம்.

1972-ல் பிராக் இவற்றைப் பாக்டீரியா என்றுதான் எழுதினார். அன்றைக்கு வேறு பெட்டி இல்லை. 1977-ல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏ-வை ஒப்பிட்டு, உயிர்களில் பாக்டீரியாவும் அல்லாத, நம்மைப் போன்ற உட்கரு உள்ள உயிர்களும் அல்லாத மூன்றாம் கிளை ஒன்று இருக்கிறது என்றார்கள். இன்று ஆர்க்கியா என்று சொல்கிறோம். முதலில் அதில் இருந்தவை மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள்; அடுத்த ஆண்டே சல்ஃபோலோபஸும் அங்கே இடம்பெயர்ந்தது. ஜெர்மனியின் வோல்ஃப்ராம் சில்லிக் ஐஸ்லாந்து, இத்தாலி என்று கந்தக ஊற்றுகளைத் தேடி அலைந்து, இவற்றின் ஆர்என்ஏ உண்டாக்கும் நொதி பாக்டீரியாவுடையதைவிட நம்முடையதற்கு நெருக்கம் என்று காட்டினார்.

உறவு அதோடு முடியவில்லை. நம் செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது கடைசியில் ஒரு மெல்லிய கழுத்து மிஞ்சும். அதைச் சுருக்கி அறுக்கச் சில புரதங்கள் வளையமாகக் கூடும். எச்ஐவி வைரஸ் செல்லிலிருந்து வெளியேறக் கடத்திப் பயன்படுத்துவதும் இதே புரதங்களைத்தான். 2008-ல் பார்த்தால், சல்ஃபோலோபஸும் இவற்றின் பங்காளிகளைக் கொண்டுதான் தன்னை இரண்டாக அறுத்துக்கொள்கிறது. அந்தக் காட்சியை உயிரோடு பார்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. நுண்ணோக்கியின் மேடையை 75 டிகிரிக்குச் சூடாக்கினால் மாதிரி ஆவியாகும், குவியம் நழுவும். சூடேற்றும் கூடு ஒன்றை அதற்கென்றே செய்து 2020-ல் பார்த்தார்கள். இரண்டு வளையங்கள் கூடுகின்றன. ஒரு வளையத்தைச் செல்லே தின்று அழித்த பிறகுதான் மற்ற வளையம் சுருங்கத் தொடங்குகிறது. கட்டடம் எழும்பியதும் சாரத்தை அவிழ்ப்பது போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே சாரத்தை அவிழ்த்தால்தான் வேலையே நடக்கிறது.

இந்தக் குட்டைகளில் நோயும் உண்டு. சல்ஃபோலோபஸைத் தாக்கும் வைரஸ்களில் ஒரு குடும்பம் அச்சு அசலாக எலுமிச்சம்பழ வடிவம். புளிப்புக் குட்டையில் எலுமிச்சை என்றால் யாரும் கதை கட்டியதாகத்தான் நினைப்பார்கள். மின்னணு நுண்ணோக்கிப் படம் இருக்கிறது. வேறு சில வைரஸ்கள் செல்லின் மேல் ஏழு பக்கங்கள் கொண்ட சிறு கோபுரங்களை எழுப்புகின்றன. வேளை வந்ததும் அந்தக் கோபுரம் பூ இதழ் விரிவது போலத் திறக்க, புதிய வைரஸ்கள் வெளியேறுகின்றன. ஐஸ்லாந்தில் கிடைத்த குச்சி வடிவ வைரஸ் ஒன்று தன் டிஎன்ஏ-வை வழக்கமான வடிவில் வைக்காமல், ஈரம் வற்றும்போது டிஎன்ஏ கொள்ளும் குட்டையான, பருத்த சுருள் வடிவில் பொதிந்து வைத்திருக்கிறது என்று 2015-ல் தெரிந்தது.

ஊற்றுதான் வேண்டும் என்றும் இல்லை. 1970-ல் பிராக்கின் குழு இண்டியானா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவுக் குவியலில் இதே வகை வாழ்க்கையைக் கண்டது. கழிவில் உள்ள இரும்புக் கந்தகம் காற்றுப் பட்டுத் தானாகக் கனன்று புகையும், அமிலமும் கசியும். அந்தப் புகைச்சலுக்குள் செல்சுவரே இல்லாமல், வெறும் சவ்வோடு வாழ்ந்தது தெர்மோபிளாஸ்மா. இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே எரிமலை வயலில் கிடைத்த மெட்டலோஸ்ஃபேரா தாமிரக் கனிமங்களைக் கரைக்கும் என்பதால் சுரங்கத் தொழிலுக்கு அதன்மேல் ஒரு கண். 2019-ல் அதற்கு விண்கல் துண்டைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தின்று வளர்ந்தது.

நாரிஸுக்கே திரும்புவோம். குட்டையில் நிறைந்த அமிலத் தண்ணீர் ஓடையாக வழிந்து ஆறிக்கொண்டே போகிறது. புளிப்பில்லாத ஊற்றாக இருந்தால், 73 டிகிரிக்குக் கீழே நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் வந்து ஆரஞ்சும் பழுப்புமாகக் கம்பளம் விரித்திருக்கும். பிஎச் 4-க்குக் கீழே அவற்றால் வாழ முடியாது. அதனால் இங்கே வெகுதூரம் வெறும் கல்தான். தண்ணீர் 56 டிகிரி அளவுக்கு ஆறியதும் திடீரென்று கண்ணைப் பறிக்கும் பச்சை. சயனிடியம், கால்டீரியா போன்ற பாசிகள். நம்மைப் போலவே உட்கரு உள்ளவை. கால்டீரியா இந்த வாழ்க்கைக்கான சில கருவிகளைக் கடன் வாங்கியிருக்கிறது. உப்பையும் ஆர்சனிக், பாதரசம் போன்ற நஞ்சுகளையும் சமாளிக்கும் அதன் மரபணுக்களில் சில பாக்டீரியாக்களிடமிருந்தும் ஆர்க்கியாக்களிடமிருந்தும் வந்தவை என்று 2013-ல் வெளியான அதன் மரபணு வரைபடம் காட்டியது. போட்டி போட நீலப்பச்சை ஆட்கள் யாரும் இல்லாத ஓடை முழுக்க அவற்றுக்கே.

நாரிஸ் பக்கத்தில் அப்படி ஓடும் ஓர் ஓடைக்கு லெமனேட் க்ரீக் என்று பெயர். இன்னும் கீழே, கை வைத்தால் சுடாத அளவுக்குத் தண்ணீர் ஆறிய இடத்தில், கருஞ்சிவப்பும் ஊதாவுமாக வேறொரு பாசி படிந்திருக்கும். அதன்மேல் சின்னஞ்சிறு ஈக்கள் நடந்து மேய்ந்துகொண்டிருக்கும்; முட்டையிடுவதும் அங்கேயேதான். கில்டீர் என்னும் நெடுங்கால் பறவை ஓடையோரமாக ஓடி ஓடி அந்த ஈக்களைக் கொத்தும்.